ஜன்னலில் ஒரு பச்சைப் போர்வை

போன புதன்கிழமை சாயங்காலம், என் வீட்டு ஜன்னலில் ஒரு பச்சைப் போர்வையைத் தொங்கவிட்டு ஐரோப்பாவை ஏமாற்றப் பார்த்தேன்.

நம்புங்கள்… கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒத்தாசை செய்யப் போய், வழியில் கொஞ்சம் சறுக்கிவிட்டேன். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் புரட்டுகிறவர்களுக்கு என் ஜாதகம் தெரியும். நான் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில், என் மனைவி மல்லிகாவின் குவார்ட்டர்ஸில். அவளுக்கு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வேலை; பர்மனென்ட். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். வீடு, கரண்ட், தண்ணீர், ஆஸ்பத்திரி கார்டு எல்லாம் அவள் பெயரில். என் பெயரில் வருவது இந்தப் பத்தி ஒன்றுதான். ஆகவே வீட்டுச் சட்டங்களைப் போடுவதும் அவள்தான்.

அதில் முதல் சட்டம் — சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ரிட்டையர் ஆகிற அன்றைக்கு வீட்டை வாங்கினபடியே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் சாமி படங்கள்கூட அலமாரிக்குள்தான் நிற்கின்றன. காலண்டர் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பக்கத்து வீட்டில் கலியபெருமாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். பழுப்பு நிலக்கரியை மேலே அனுப்பி அனுப்பியே தலை நரைத்தவர். அவருடைய ஒரே மகள் தேன்மொழி. கெமிக்கல் என்ஜினியரிங் படித்துவிட்டு நெதர்லாந்தில் வேலை செய்கிறாள். என்ன வேலை தெரியுமா? நிலக்கரியே வேண்டாம் என்று சொல்கிற வேலை. பச்சை ஹைட்ரஜன்.

அப்பாவுக்கும் மகளுக்கும் இதில் சண்டையா என்று கேட்காதீர்கள். "நான் கரிய அனுப்பித்தான் சார் அதப் படிக்க வச்சேன். அது படிச்சுட்டு கரி வேணான்னுது. சொல்லட்டும். நான் எப்படியும் அடுத்த வருஷம் ரிட்டையர்டு" என்பார் கலியபெருமாள், பெருமையாக.

தேன்மொழி லீவில் வந்திருந்தாள். வந்த காரணம் — பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை இளவரசன், காடாம்புலியூர்க்காரர். அவரும் நெதர்லாந்தில்தான், துறைமுகத்தில் கிரேன்களை இயக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில். அப்பா ராமலிங்கம் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இப்போது முந்திரித்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி.

நெய்வேலியில் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரன் பார்க்கும்போது முதல் கேள்வி குலமோ கோத்திரமோ கிடையாது. அதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி — பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஒரே கேட்டில் நுழைந்து, ஒரே மண்ணில் நின்று, ஒரே ஷிஃப்ட்டில் வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு; இன்னொருவர் சைக்கிள் மிதித்து ஊருக்குப் போக வேண்டும். ஒருவருக்கு வாசல் தேடி வரன் வரும். இன்னொருவர் வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும். அந்த ஒரு சொல் பிரிக்கிற மாதிரி இந்த ஊரில் வேறெதுவும் மனிதர்களைப் பிரிப்பதில்லை.

"மாப்பிள்ள பர்மனென்ட்டுன்னு தரகர் சொல்லிட்டாரு சார். அவங்க தேனுவக் கேப்பாங்க. நீங்கதான் பக்கத்துல இருந்து ஒரு வார்த்த சொல்லணும்" என்றார் கலியபெருமாள், செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வந்து.

"என்ன வார்த்தை?"

"பர்மனென்ட்டுன்னு."

"அவள் பர்மனென்ட்டா?"

"இல்ல சார். ப்ராஜெக்ட்டு முடிவாவுற வரைக்கும் காண்ட்ராக்ட்டு. முடிவாச்சுன்னா பர்மனென்ட் ஆக்குவாங்களாம். ஆனா முடிவாவ மாட்டேங்குது. அங்க ரூல்ஸு மாறிகினே இருக்குதாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்க பத்திரிகைல எழுதறவரு. நீங்க சொன்னா நம்புவாங்க."

பத்திரிகையில் எழுதுகிறவன் மீது இந்த உலகம் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பாருங்கள்!

சொல்வதற்கு முன் சமாச்சாரத்தையாவது தெரிந்துகொள்வோம் என்று தேன்மொழியைக் கூப்பிட்டேன். வந்து சோபாவில் கால்மடித்து உட்கார்ந்தாள்.

"தண்ணில கரண்ட விட்டா ஹைட்ரஜன் தனியாப் பிரியும் அங்கிள். ஸ்கூல்ல செஞ்சு காட்டுவாங்களே, அதேதான். அந்தக் கரண்ட் காத்தாலைல இருந்தோ சோலார்ல இருந்தோ வந்தா பச்சை ஹைட்ரஜன். இரும்பு உருக்கலாம், உரம் செய்யலாம், கப்பல் ஓட்டலாம். புகையே வராது."

"பச்சையாக இருக்குமா?"

"கலரே கிடையாது. கரி எரிச்ச கரண்ட்ல செஞ்சாலும், காத்துக் கரண்ட்ல செஞ்சாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம் பச்சை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அதாவது, நிறமே இல்லாத ஒரு வாயு 'நான் பச்சை' என்று சொல்லிக்கொண்டால் ஐரோப்பா நம்பாது. சான்றிதழ் கேட்கும். நமக்குத் தெரியாத விஷயமா இது? பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்… ஆளைப் பார்த்தால் தெரியாததை எல்லாம் தாலுகா ஆபீஸ் முத்திரை சொல்லிவிடும். அங்கே வாயுவுக்கே அந்த நிலைமை.

முத்திரை சும்மா கிடைக்காது. மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்.

முதலாவது, அந்தக் கரண்டைக் கொடுக்கிற காற்றாலை புதிதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஊருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும் பழைய காற்றாலையைக் காட்டக் கூடாது. ஏன்? அந்தக் கரண்டை நீங்கள் இழுத்துக்கொண்டால், ஊருக்குக் குறைவதை ஈடுகட்ட எங்கேயோ யாரோ கரியை எரிப்பார்கள். பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துவந்து, 'எங்கள் வீட்டிலும் பால் இருக்கிறது' என்று சொல்கிற கணக்கு. எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் பிளாக்கில் அது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது இடம். காற்றாலையும் ஹைட்ரஜன் ஆலையும் ஒரே மின்சார வட்டாரத்தில் இருக்க வேண்டும். எங்கேயோ காற்றடித்ததற்கு இங்கே கணக்கு எழுதக் கூடாது.

மூன்றாவதுதான் வம்பு பிடித்தது — நேரம். இப்போதைக்கு மாதக் கணக்கில் காட்டினால் போதுமாம். இந்த மாதம் இவ்வளவு காற்றுக் கரண்ட், இவ்வளவு ஹைட்ரஜன், சரி. இன்னும் சில வருஷத்தில் மணிக்கணக்கு வந்துவிடும். எந்த மணி நேரத்தில் ஆலை ஓடியதோ அதே மணி நேரத்தில் காற்று அடித்திருக்க வேண்டும். தேன்மொழியின் கம்பெனியிடம் வாங்கப்போகிறவர்கள் அதை இப்போதே கேட்கிறார்களாம்.

"காலையில் அடித்த காற்றை ராத்திரிக் கணக்கில் எழுதக் கூடாதா?"

"கூடாது அங்கிள்."

இதுவும் நமக்குப் பழகினதுதானே? முகூர்த்த நேரம் முடிந்தபிறகு தாலி கட்டிவிட்டு, 'காலையிலிருந்து நல்ல நேரமாகத்தானே இருந்தது' என்றால் எந்தச் சம்பந்தி ஒப்புக்கொள்வார்? மணிக்கணக்கு பார்ப்பதில் ஐரோப்பாக்காரர்கள் நம்மிடம் பாடம் படித்திருக்கலாம்.

"ரூல் நல்ல ரூல்தான் அங்கிள். இல்லன்னா எல்லாரும் பச்சைன்னு போர்டு மாட்டிக்குவாங்க. ஆனா அது தெளிவா வந்து சேர்றதுக்குள்ள பல கம்பெனி மூச்சு வாங்குது. ஐரோப்பிய ஒன்றியம் ஒண்ணு சொல்லும், அத ஒவ்வொரு நாடும் தன் சட்டத்துல எழுதணும். ஒரு நாடு எழுதிடும், ஒரு நாடு யோசிக்கும். நடுவுல 'மாத்தலாமா'ன்னு பேச்சு வரும். எடத்துக்குப் பர்மிட், தண்ணிக்குப் பர்மிட், பைப்லைனுக்குப் பர்மிட் வேற."

"உங்கள் ப்ராஜெக்ட் எங்கே நிற்கிறது?"

"சின்னதா ஒரு சோதனை ஆலை ஓடுது. பெரிய ஆலைக்கு பேங்க் கடன் வேணும். வாங்குறவங்க கையெழுத்துப் போட்டாத்தான் கடன்னு பேங்க் சொல்லுது. பச்சைன்னு சர்ட்டிஃபிகேட் வந்தாத்தான் கையெழுத்துன்னு வாங்குறவங்க சொல்றாங்க. சர்ட்டிஃபிகேட் குடுக்குறவங்க, ரூல் முடிவாகட்டும்ங்குறாங்க."

ரேஷன் கார்டு வேண்டுமா? கேஸ் பில் கொண்டு வா. கேஸ் வேண்டுமா? ரேஷன் கார்டு கொண்டு வா. இந்த வட்டத்தில் சுற்றாத தமிழர் யாராவது உண்டா? ஆனால் நாம் சுற்றுவது தாலுகா ஆபீஸ் வராண்டாவில். இந்தப் பெண் சுற்றுவது ஒரு கண்டம் முழுக்க. அந்தச் சுற்று எங்கே நிற்கிறதோ, அங்கேதான் அவளுடைய பர்மனென்ட் இருக்கிறது. அவளுடைய கல்யாணமும்.

"அப்பா பர்மனென்ட் என்று சொல்லச் சொல்கிறாரே…" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியும். நேத்துலேர்ந்து அதான் பேச்சு." அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு அங்கிள். அவரையும் பிடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சின்ன வயதில் எங்கள் வீட்டு மாமரத்தில் ஏறி விழுந்து, அழாமல் எழுந்து போன பெண் அவள். பயம் என்று அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை.

புதன்கிழமைக்கு வருவோம்.

ஏன் புதன்கிழமை? கலியபெருமாளுக்கு அந்த வாரம் புதன்கிழமைதான் ஆஃப். இந்த ஊரில் எந்த விசேஷத்துக்கும் இரண்டு காலண்டர் பார்க்க வேண்டும் — ஒன்று பஞ்சாங்கம், இன்னொன்று ஷிஃப்ட் சார்ட். இரண்டும் ஒத்துப்போகிற நாள் அபூர்வம். அன்றைக்கு ஒத்துப்போனது. நாலே முக்காலுக்கு மேல் நல்ல நேரம்.

மத்தியானம் தேன்மொழி கையில் லேப்டாப்போடு ஓடிவந்தாள்.

"அங்கிள், ஒரு சிக்கல். சர்ட்டிஃபிகேட் ஆடிட்டர் மீட்டிங்க இன்னைக்கு மாத்திட்டாங்க. நம்ம டைம் நாலரைக்கு. எங்க வூட்டுல கால் வைக்க இடமில்ல. இங்க பேசிக்கலாமா?"

அதாவது, ஐரோப்பா அவளைக் கேள்வி கேட்கப்போவதும் காடாம்புலியூர் அவளைக் கேள்வி கேட்கப்போவதும் ஒரே மணி நேரத்தில். மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்று கேட்டது இவர்கள்தானே? பொருந்திவிட்டது.

"தாராளமாகப் பேசு" என்றேன். என் எழுதுமேஜையைக் காலி செய்து கொடுத்தேன். அவள் முகம் கழுவிப் புடவை மாற்றி வரப் போனாள். அப்போதுதான் கவனித்தேன் — மேஜைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, மரங்களுக்கு மேலே, அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி. அது பாட்டுக்குப் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

வருஷக்கணக்காகப் பார்ப்பதால் அது எங்கள் கண்ணில் படுவதே இல்லை. வேப்பமரம், தண்ணீர் டேங்க், புகைபோக்கி… அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் ஆடிட்டர் கண்ணால் பார்த்தேன். கரி வேண்டாம் என்று வாதாட உட்காருகிற பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு கரிப்புகை எழுந்தால் எப்படி இருக்கும்? கேஸ் அங்கேயே கந்தலாகிவிடாதா?

விருந்தாளி வருகிறார் என்றால் கொடியில் கிடக்கும் துணியை அள்ளி உள்ளே போடுகிற பரம்பரை நாம். புகைபோக்கியை அள்ளி உள்ளே போட முடியாது. மறைக்கலாம்.

ஜன்னலுக்குத் திரை கிடையாது. அலமாரியைத் திறந்தேன். கைக்கு வந்தது மல்லிகாவின் புதுப் போர்வை — நல்ல கிளிப் பச்சை. மாட்டுவதற்கு? ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டேன். இன்னொரு பக்கம் நிற்கவில்லை; வழுக்கி வழுக்கி விழுந்தது. மணி நாலைத் தாண்டிவிட்டது.

பரணில் தேடினேன். ஒரு புது ஆணி கிடைத்தது. சமையலறையில் இஞ்சி தட்டுகிற குழவி கிடைத்தது. மூன்றே தட்டு. எங்கள் வீட்டுச் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கம் கிழிந்தது.

தள்ளி நின்று பார்த்தேன். புகையைக் காணோம். ஜன்னல் முழுக்கப் பச்சை. நான் செய்தது என்ன என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

தேன்மொழி வந்து உட்கார்ந்தாள். போர்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்துவிட்டார். நான் கதவைச் சாத்தாமல் ஒருக்களித்துவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

சொல்லிவைத்த மாதிரி வாசலில் கார் சத்தம். காடாம்புலியூர்க்காரர்கள் ஒரு பெரிய பலாப்பழத்தோடு பக்கத்து வீட்டில் இறங்கினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். காபி வந்தது, கேசரி வந்தது. பெண் வரவில்லை.

ராமலிங்கம் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. பேச்சு வெயிலில் ஆரம்பித்து முந்திரி விளைச்சலுக்குப் போய், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

"பாப்பாவுக்கு வேல பர்மனென்ட்டுதானுங்களே?"

"மொதல்ல பலகாரம் எடுத்துக்குங்க" என்றார் கலியபெருமாள்.

கொஞ்சம் கழித்து மறுபடியும். "அந்த ஊர்லல்லாம் பர்மனென்ட்டுன்னா நம்ம மாதிரிதானுங்களா?"

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். மாப்பிள்ளை இளவரசன் தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அஞ்சு தாண்டியது. ராமலிங்கம் பொறுமை இழந்தார். "என்னாங்க, பொண்ணு எங்க? நல்ல நேரம் போய்கினு இருக்குது. ஒக்காந்துகினே இருக்கோம்."

வேறு வழியில்லை. "ஆபீஸ் மீட்டிங் சார். என் வீட்டில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்" என்றேன்.

"வாங்க பாப்போம்" என்று எழுந்துவிட்டார். அவர் முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் முகம் வெளிறிப்போன கலியபெருமாள்.

ஹாலில் நின்றால், ஒருக்களித்த கதவு வழியாகத் தேன்மொழி தெரிந்தாள். இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். ராமலிங்கம் என் பக்கம் சாய்ந்து, "என்னா சொல்லுது?" என்று கிசுகிசுத்தார்.

காது கொடுத்தேன். சோதனை ஆலை ஓடின ஒரு சாயங்காலத்தைப் பற்றி அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். காற்று நின்றுவிட்ட பிறகும் ஆலை ஓடியிருக்கிறதே, அந்த நேரத்து ஹைட்ரஜன் பச்சைதானா? மாதக் கணக்கில் பார்த்தால் சரிக்கட்டிவிடலாமே?

"அந்த நேரம் பச்சை இல்லை. நாங்கள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கவும் மாட்டோம்" என்றாள் தேன்மொழி.

"காத்து அடிக்காத நேரத்துக்குக் காத்து அடிச்சதுன்னு எழுத மாட்டாளாம்" என்று ராமலிங்கத்துக்குச் சொன்னேன்.

"எழுதுனா என்னாவாம்?"

"அவள் வேலைக்கு நல்லது."

அவர் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த அம்மாள், உனக்குப் பின்னால் அது என்ன அத்தனை பச்சை, எங்கிருந்து பேசுகிறாய் என்று சிரித்தபடி கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான். வீடு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

தேன்மொழி திரும்பிப் போர்வையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, போர்வையை ஒரு இழு இழுத்தாள். சரிந்து விழுந்தது. ஜன்னல் நிறைய வானம், மரம், புகைபோக்கி, புகை.

"இது நிலக்கரி ஊர். என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்கிறார். இந்த லேப்டாப் ஓடுவதும் அந்தக் கரண்டில்தான். புகை தெரியக்கூடாது என்று பக்கத்து வீட்டு அங்கிள் போர்வையைக் கட்டியிருக்கிறார்" என்று இங்கிலீஷில் சொல்லி, ஜன்னலைக் கைகாட்டினாள்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: புகைக்கு மேலே பச்சைத் துணி போர்த்தக் கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் இத்தனை விதி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐரோப்பா முழுக்கப் பெரிய பெரிய மூளைகள் உட்கார்ந்து எதைத் தடுக்கப் பார்க்கிறார்களோ, அதை நான் ஒரு போர்வை, ஒரு ஆணி, ஒரு குழவியோடு அரை மணியில் செய்துமுடித்திருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மீட்டிங் முடிந்தது. தேன்மொழி வெளியே வந்தவள், ஹாலில் எங்கள் மூன்று பேரையும் பார்த்துத் திகைத்துப்போய்க் கைகூப்பினாள்.

ராமலிங்கம் சுற்றி வளைக்கவில்லை. "ஏம்மா, அந்தத் துணிய எதுக்குப் புடுங்கின?"

"இருக்கறதத்தானங்க காட்டணும்."

"சரி. வேல பர்மனென்ட்டாம்மா?"

"அது வந்துங்க, பர்மனென்ட் மாதிரிதான்…" என்று கலியபெருமாள் உள்ளே புகுந்தார்.

"இல்லைங்க. காண்ட்ராக்ட்டு" என்றாள் தேன்மொழி. "ப்ராஜெக்ட் வந்தா பர்மனென்ட் ஆகும். வருமான்னு எனக்கே தெரியாதுங்க. ரூல் இன்னும் முடிவாகல. வரலன்னா வேற வேல தேடணும்."

ராமலிங்கம் என் பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். முழு சொம்பையும் குடித்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். பலாப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்களா, விட்டுவிட்டுப் போவார்களா என்றுகூட யோசித்துவிட்டேன். கலியபெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"எம் பையனும் அதாங்க" என்றார் ராமலிங்கம்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"காண்ட்ராக்ட்டுதாங்க. வருஷா வருஷம் புதுப்பிச்சுகினு இருக்கான். பர்மனென்ட்டுன்னு சொல்லச் சொல்லி தரகர்ட்ட சொன்னது நாந்தான்."

கலியபெருமாள் பிடித்திருந்த சுவரை விட்டார். சுதாரித்துக்கொண்டு, "அப்புறம் ஏங்க வந்ததுலேர்ந்து அதையே கேட்டுகினு இருந்தீங்க?" என்றார்.

"நாம கேட்டுகினே இருந்தா, நம்மள யாரும் கேக்க மாட்டாங்க பாருங்க."

என்ன ஒரு கண்டுபிடிப்பு! யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆபீஸில், உங்கள் சொந்தத்தில், சதா சர்வகாலமும் அடுத்தவர் யோக்கியதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் யார் என்று. நான் இரண்டு பேரை நினைத்துவிட்டேன். பெயர் சொல்லமாட்டேன்.

ராமலிங்கம் தலையைக் குனிந்தபடியே பேசினார். "நானும் சின்ன வயசுல காண்ட்ராக்ட்டுல கெடந்தவந்தாங்க. மேஸ்திரி ஒருத்தர்கிட்ட. பர்மனென்ட் கேட்டா, படிப்பு வேணும்பாரு, படிச்சுகினு போனா, வயசு தாண்டிடுச்சும்பாரு. சட்டம் மாறிப்போச்சும்பாரு. மூணு எடத்துல பொண்ணு கேட்டு, காண்ட்ராக்ட்டுன்னதும் எந்திரிச்சுப் போவச் சொன்னாங்க. எம் புள்ளைய அப்பிடி யாரும் எழுப்பி வுடக் கூடாதுன்னுதாங்க…" வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விதிகள் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று பெரிய பெரிய கட்டுரைகளில் எழுதுகிறார்கள். முதலீடு தயங்கும், வங்கி தயங்கும் என்று. அதோடு, மூன்று வீட்டு வாசலிலிருந்து எழுந்து வந்த ஒரு ஆள் பிற்காலத்தில் பொய் சொல்லப் பழகிக்கொள்வார் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

"எனக்குத் தெரியுமே" என்றாள் தேன்மொழி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம்.

"அவரு காண்ட்ராக்ட்டுன்னு. மொத நாள் போன்லயே சொல்லிட்டாரு. நானும் சொல்லிட்டேன்."

வாசலில் நிழல் தட்டியது. இளவரசன் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. "ஆமாப்பா. நீங்க ரெண்டு வூட்டுக்காரங்களும் மாத்தி மாத்திச் சொல்லிகினு இருந்தீங்க. எப்பிடி நிறுத்துறதுன்னு தெரியல" என்றார், சிரிப்பை அடக்கமுடியாமல்.

ராமலிங்கம் மகனை முறைத்தார். கலியபெருமாள் மகளை முறைத்தார். பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ராமலிங்கம்தான்.

"ரெண்டும் காண்ட்ராக்ட்டு. கல்யாணமாவது பர்மனென்ட்டா இருக்கட்டும். நாள் பாருங்க சம்பந்தி" என்றார். சம்பந்தி என்ற சொல் விழுந்ததும் கலியபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் நீர் நின்றது.

பலாப்பழம் தப்பித்தது. பக்கத்து வீட்டுக்குத் திரும்பியதும் அறுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

நாள் பார்ப்பது எளிதாக இல்லை. பஞ்சாங்கத்தில் நல்ல நாளாக இருந்தால் கலியபெருமாளுக்கு நைட் ஷிஃப்ட். அவருக்கு ஆஃப் என்றால் அன்றைக்கு அஷ்டமி. இரண்டும் சரி என்றால் அன்றைக்கு ஆடிட்டர் அம்மாள் மறுபடியும் வருகிறார் — இன்னும் ஒரு விளக்கம் வேண்டுமாம். சர்ட்டிஃபிகேட் இன்னும் வரவில்லை. ரூல் இன்னும் முடிவாகவில்லை. நிச்சயதார்த்தம் மட்டும் எப்படியோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முடிவாகிவிட்டது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டில் எல்லாவற்றையும் முடித்து நான் வீட்டுக்கு வந்தபோது மல்லிகா ஆபீஸிலிருந்து வந்திருந்தாள். தரையில் கிடந்த புதுப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். பார்வை சுவரில்.

"இது என்ன?"

அன்று சாயங்காலம் முழுக்க உண்மையின் மகிமையைக் கண்ணால் கண்டவன் நான். ஒரு பெண் ஒரு கண்டத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டாள். ஒரு பெரிய மனிதர் என் நாற்காலியில் உட்கார்ந்து மனசைத் திறந்து காட்டினார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"அந்த ஆணியா? அது பழசு. முன்னாடி இருந்தவங்க அடிச்சது" என்றேன்.

ஐரோப்பாவில் பழசைப் புதுசு என்று காட்டினால் மாட்டிக்கொள்வார்கள். நான் புதுசைப் பழசு என்று காட்டினேன். அதற்கு எந்தச் சட்டத்திலும் கேள்வி இல்லை என்று ஒரு தைரியம்.

மல்லிகா அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். ஆணியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"துரு எங்கே?" என்றாள்.